சேமக்காலையில் ஒரு மன்றாட்டு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்த இலக்கியத் தொடரிலே காப்பியங்களைப் பற்றிப் பேசினார்கள். நாவல்களைப் பற்றிப் பேசினார்கள். நாட்டார் பாடல்களைப் பற்றியும் பேசினார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நூலை அன்று. புத்தளத்துக் கரையோரத்திலே கிறிஸ்தவ மக்கள் வழங்கிவரும் சில தமிழ்ச் சொற்களைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வீடு, மன்றாட்டு, பரிவு, எதிர்நோக்கு, சேமக்காலை என்பன அச்சொற்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் மறுமை நம்பிக்கை முழுவதும் இந்தச் சொற்களுக்குள்ளே அடங்கிக் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சைவன், இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிப்பவன். கிறிஸ்தவ மறையை விளக்கும் தகுதியோ உரிமையோ எனக்கு இல்லை. ஆனால், அந்த மறையின் சொற்கள் தமிழ்ச் சொற்களாக இருக்கின்றன. ஒரு சொல் எந்தக் கோயிலின் வாசலிலே நின்றாலும் அதை விசாரித்து அறிவது தமிழாசிரியனின் தொழில். அந்த உரிமையோடுதான் பேசுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அதை ஒரு கதையாகச் சொல்ல வேண்டும்.

சிலாபத்துக்கு வடக்கே, அம்மன் கோயிலும் அந்தோனியார் கோயிலும் ஒரே மணலிலே நிற்கின்ற கிராமம் ஒன்றில் நான் வளர்ந்தேன். என் தந்தையார் கூலிக்குக் கடற்றொழிலுக்குப் போனவர். 1989ஆம் ஆண்டு சோழகக் காற்று தொடங்கும் காலத்தில் அவரும் அடுத்த வீட்டுக்காரரும் சென்ற வள்ளம் திரும்பி வரவில்லை. இயந்திரம் நின்றுபோயிற்று என்பது பின்னர்தான் தெரிந்தது. எனக்கு அப்பொழுது ஒன்பது வயது. என் தாயார் அம்மன் கோயில் வாசலை விட்டு எழும்பவில்லை. அடுத்த வீட்டு மாமி, கத்தோலிக்கப் பெண், கடற்கரை மணலிலே முழந்தாளிட்டுக் கையிலே செபமாலையோடு இரண்டு இரவுகள் இருந்தார். மூன்றாம் நாள் வேறொரு படகுக்காரர் என் தந்தையாரைக் கண்டெடுத்துக் கற்பிட்டிப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தார்கள். மாமியின் கணவர் வரவில்லை. இரண்டாம் இரவிலே அலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

இரண்டு பெண்கள் வேண்டினார்கள். ஒருத்தியின் கணவர் வந்தார். மற்றவளின் கணவர் வரவில்லை. சிறுவனாகிய என் மனத்திலே இது ஒரு முள்ளாகத் தங்கிவிட்டது. எங்கள் அம்மன் கேட்டாள், அவர்களுடைய கடவுள் கேட்கவில்லை என்று என் வயதுப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால், அதற்கு விடை சொல்லவும் தெரியவில்லை. பதினெட்டு வயதளவில், துணிவு வந்த ஒரு நாள், மாமியிடமே கேட்டுவிட்டேன். "நீங்கள் ரெண்டு ராத்திரி செபம் பண்ணினீங்களே, அது வீண்தானே மாமி?" என்றேன். கேட்ட பிறகுதான் என் சொல்லின் கொடுமை எனக்கு உறைத்தது.

அவர் கோபிக்கவில்லை. மீன் அரிந்துகொண்டிருந்தவர், கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கேட்டது கிடைக்கிறதுக்குப் பேர் செபம் எண்டா, கடைக்குப் போறதுக்கு என்ன பேர்? நான் அவரைக் கடலுக்குள்ள தனிய விடயில்லை. அவ்வளவுதான்."

நேயர்களே, மன்றாட்டு என்ற சொல்லுக்கு நான் படித்த எந்த அகராதியிலும் இவ்வளவு தெளிவான பொருள் இல்லை.

அந்தச் சொல்லையே இப்பொழுது பார்ப்போம். மன்றாடுதல் என்பதை மன்று, ஆடுதல் என்று பிரிக்கலாம். மன்று என்பது ஊர்ப் பொதுவிடம். வழக்குத் தீர்க்கும் அவை. மன்றிலே நின்று வழக்காடுவதுதான் மன்றாடுதலின் பழைய பொருள். நாளடைவிலே அது கெஞ்சிக் கேட்டல் என்னும் பொருளுக்கு வந்து சேர்ந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இச்சொல்லைத் தங்கள் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டபோது இரண்டு பொருளும் கூடவே போயின. பிறருக்காக மன்றாடுகிறவர் கெஞ்சுகிறவர் மட்டும் அல்லர். அவருக்காக அவையிலே எழுந்து நிற்கிறவரும் ஆவார். அவை பெரியது, கேட்கிறவர் எளியவர். ஆயினும் எழுந்து நிற்கிறார்.

இதற்கு இணையாக வழங்கும் இன்னொரு தொடர் 'பரிந்து பேசுதல்'. பரிவு என்ற சொல்லுக்கு அன்பு என்றும் பொருள் உண்டு, துன்பம் என்றும் பொருள் உண்டு. இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருப்பது தமிழின் நுட்பம். பிறர் துன்பம் தன் துன்பம் ஆகாமல் யாரும் பரிந்து பேச முடியாது. அப்படிப் பேசினால் அதன் பெயர் சிபாரிசு. அலுவலகங்களிலே நாம் அன்றாடம் காண்பது அதைத்தான்.

பிறருக்காகப் பரிந்து கேட்பது கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பெரியபுராணத்தில் திலகவதியார் இருக்கிறார். மணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்திலே மடிந்தார். தானும் உயிர்விடத் துணிந்த அந்தப் பெண், தம்பிக்காகவே உயிரைத் தாங்கினாள். தம்பி மருணீக்கியார் சமண சமயம் புகுந்து தருமசேனர் ஆனார். அக்கை திருவதிகையிலே திருவலகும் திருமெழுக்கும் இட்டுக்கொண்டு தம்பிக்காக வேண்டி நின்றார். அந்த வேண்டுதலுக்குக் கிடைத்த விடை என்ன? தம்பிக்குச் சூலை நோய்! கேட்டது மீட்பு, முதலில் வந்தது வலி. அந்த வலியின் வழியாகத்தான் நமக்குத் திருநாவுக்கரசர் கிடைத்தார்.

மேற்கே இதற்கு நேரான ஒரு வரலாறு உண்டு. வட ஆபிரிக்காவிலே பிறந்த அகுஸ்தீன் என்னும் அறிஞர் இளமையிலே தாயின் சமயத்தை விட்டு வேறு வழி போனவர். தாய் மோனிக்கா பல ஆண்டுகள் கண்ணீரோடு மகனுக்காக மன்றாடினாள். மகன் திரும்பினார், பின்னாளில் மேலைத் திருச்சபையின் பெரும் ஆசிரியர்களுள் ஒருவர் ஆனார். மோனிக்கா 387ஆம் ஆண்டு, ஊர் திரும்பும் வழியிலே, இத்தாலியின் ஒஸ்தியாத் துறைமுகத்தில் இறந்தாள். தன் உடலை எங்கே புதைப்பது என்பது பற்றிக் கவலை வேண்டாம், பலிபீடத்தருகே தன்னை நினைத்தால் போதும் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டாள் என மகனே தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் பிறருக்காக மன்றாடியவள், கடைசியில் தனக்காகவும் மன்றாடும்படி கேட்கிறாள். திலகவதியாரும் மோனிக்காவும் சந்தித்திருந்தால் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள மொழி கூடத் தேவைப்பட்டிராது.

ஆனால், கிறிஸ்தவ மன்றாட்டுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அது எப்பொழுதும் விண்ணக நம்பிக்கையோடு பிணைந்து நிற்கிறது. விவிலியத்திலே கொலோசெயருக்கு எழுதப்பட்ட நிருபம் என்று சிறியதொரு கடிதம் உண்டு. கொலோசை என்பது இன்றைய துருக்கி நாட்டிலே இருந்த ஒரு பழைய நகரம். கடிதம் பவுலின் பெயரால் வழங்குவது, சிறைக்குள்ளிருந்து எழுதப்பட்டது. எழுதுகிறவர் அந்த ஊர் அடியார்களை நேரிலே கண்டதில்லை. எப்பப்பிரா என்பவர் வந்து சொல்லக் கேள்விப்பட்டிருக்கிறார். அவ்வளவுதான். ஆயினும், கேள்விப்பட்ட நாள் முதலாக அவர்களுக்காக வேண்டுவதை நிறுத்தவில்லை என்று எழுதுகிறார். அவர்களிடம் அன்பு நிறைந்திருப்பதற்குக் காரணம், விண்ணகத்திலே அவர்களுக்கென்று சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நம்பிக்கை என்பது அவர் கருத்து.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மேலே சேமித்து வைத்த ஒன்று கீழே அன்பாக விளைகிறது என்கிறார். சொர்க்கத்தை நம்புகிறவன் இந்த உலகத்தை மறந்துவிடுவான் என்பது பகுத்தறிவாளர் கூறும் குற்றச்சாட்டு. அது முழுவதும் பொய்யன்று. அப்படி மறந்தவர்களும் இருக்கிறார்கள். 'எனக்கு ஓர் இடம் கிடைத்தால் போதும்' என்று மட்டும் நினைப்பவனுடைய சொர்க்கம், வரிசையிலே முந்திக்கொள்ளும் ஆசையின் நீட்சிதான். அந்த ஆசையைக் கழுவுவது எது? 'இவளுக்கும் ஓர் இடம் வேண்டும், அவனையும் விட்டுவிடாதே' என்ற மன்றாட்டு. பிறருக்கான வேண்டுதல் இல்லாத விண்ணக நம்பிக்கை பேராசை. விண்ணக நம்பிக்கை இல்லாத வேண்டுதலோ, வள்ளம் கரை சேர்ந்ததா இல்லையா என்ற கணக்கோடு முடிந்துபோகும். இரண்டும் சேர்ந்தால்தான் எங்கள் மாமியைப் போல ஒருவர், வராத கணவருக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் நவம்பர் மாதம் தவறாமல் செபம் சொல்ல முடியும்.

நம்பிக்கை என்ற சொல்லைப் பற்றியும் கூற வேண்டும். தமிழிலே இச்சொல் இரட்டைச் சுமை சுமக்கிறது. கடவுள் உண்டு என்று ஏற்பதும் நம்பிக்கை. நாளை நல்லது நடக்கும் என்று காத்திருப்பதும் நம்பிக்கை. பழைய கிறிஸ்தவத் தமிழ் முதலாவதை விசுவாசம் என்றும், இரண்டாவதை நம்பிக்கை என்றும் பிரித்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இரண்டாவதற்கு 'எதிர்நோக்கு' என்ற சொல்லை ஆண்டது. முதலில் அது எனக்கு வறண்ட சொல்லாகப் பட்டது. பிறகு ஒரு நாள் கரையிலே நின்று, கையை நெற்றிக்கு மேலே வைத்துக் கடலை நோக்கி நிற்கும் பெண்களைக் கண்டபோது அச்சொல் உயிர் பெற்றது. எதிரே நோக்கி நிற்றல்! வள்ளம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால், வருகிற திசை தெரிகிறது. அந்தத் திசையைப் பார்த்து நிற்பதுதான் எதிர்நோக்கு.

இனி வீடு என்ற சொல். அறம், பொருள், இன்பம், வீடு என்று உறுதிப்பொருள் நான்கு எனப் படித்தவர்கள் நாம். அந்த வீடு, விடு என்ற வினையிலிருந்து பிறந்தது. விடுதலை என்று பொருள். பற்றறுதல், பிறவியறுதல் என்றெல்லாம் சைவமும் வைணவமும் அதை விரித்தன. கிறிஸ்தவர் இச்சொல்லைத் 'மோட்ச வீடு' என்று வழங்கியபோது, விடுதலை என்ற பொருளோடு இல்லம் என்ற பொருளும் முன்னுக்கு வந்தது. தம் தந்தையின் இல்லத்திலே தங்குமிடங்கள் பல உண்டு என்று இயேசு சீடர்களுக்குச் சொன்னதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. ஆகவே கிறிஸ்தவனுக்கு வீடு என்பது தனித்துக் கரைந்துபோகும் நிலை அன்று. பலர் கூடியிருக்கும் மனை. அங்கே அடுப்படி உண்டு, திண்ணை உண்டு, தெரிந்த முகங்கள் உண்டு. திருநெல்வேலியிலே வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, சிறையிலிருந்த பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடியபோது, அந்தக் காப்பியத்தின் யாத்திரிகன் சென்றடைவதும் ஒரு நகரமே. அது 1894இல் வெளிவந்தது. கம்பனின் சந்தத்தை அறிந்த ஒரு புலவர் விண்ணகத்துக்கு வழி சொன்னபோதும், மக்கள் குடியிருக்கும் ஓர் ஊருக்கே வழி சொன்னார்.

வீட்டிலே கூடியிருக்கிறவர்கள் நம்மை மறந்துவிடுவார்களா என்ன? இந்தக் கேள்வியிலிருந்துதான் புனிதர்களிடம் வேண்டும் கத்தோலிக்க மரபு எழுகிறது. கற்பிட்டிக் குடாநாட்டிலே தலவில புனித அன்னம்மாள் ஆலயம் இருக்கிறது. மார்ச் மாதத்திலும் சூலை, ஓகஸ்ட் மாதங்களை ஒட்டியும் நடக்கும் திருவிழாக்களுக்கு நாடெங்கும் இருந்து மக்கள் வந்து மரநிழலிலே, மணலிலே கூடாரம் அடித்துத் தங்குவார்கள். கத்தோலிக்கர் மட்டும் அல்லர். எங்களவரும் போவார்கள், பௌத்தரும் போவார்கள். அன்னம்மாள் யார்? மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி. எங்கள் வீடுகளிலே தகப்பனிடம் நேரே கேட்கப் பயந்த காரியத்தை யாரிடம் போய்ச் சொல்வோம்? அம்மம்மாவிடம்தான். அவர் சொன்னால் மறுப்பார் உண்டா? இறையியல் அறிஞர் இதற்கு எத்தனையோ விளக்கம் தரலாம். தலவில மணலிலே உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு இந்த விளக்கமே போதும்.

எல்லாக் கிறிஸ்தவரும் இதை ஏற்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்து ஒருவரே நடுவர். உயிரோடிருக்கும் அடியார் ஒருவருக்காக ஒருவர் கடவுளிடம் நேரே வேண்டலாம். இறந்தவர்களிடமோ இறந்தவர்களுக்காகவோ வேண்டுவதற்கு மறைநூலில் இடமில்லை என்பது சீர்திருத்தச் சபையார் கொள்கை. கற்பிட்டியிலே ஒல்லாந்தர் கோட்டையும் அவர்கள் எழுப்பிய தேவாலயமும் அந்தக் கொள்கையின் வரலாற்றுச் சின்னங்களாக நிற்கின்றன. இந்தக் கருத்து வேறுபாடு எங்கள் கரையோரத்திலே வெறும் ஏட்டுச் சண்டையாக இருக்கவில்லை. கத்தோலிக்கக் குருமாரை மறைத்து வைப்போருக்கு மரண தண்டனை என்று ஒல்லாந்தர் 1658இல் அறிவித்தனர். அதன் பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்கே குருமார் இல்லை. 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகள் ஏழைக் கூலியின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பின்னர் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்கும் வந்து பணி செய்தார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியதை நேயர்கள் அறிவீர்கள்.

அந்த இடைப்பட்ட ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். குரு இல்லை, பூசை இல்லை. செபங்கள் மட்டும் சாதாரண மக்களின் வாயிலே இருந்தன. தாய் மகளுக்குச் சொன்னாள். மகள் தன் மகளுக்குச் சொன்னாள். இறந்தவர்களுக்காக மன்றாடுவது குற்றம் போலக் கருதப்பட்ட காலத்திலே, கதவை அடைத்துக்கொண்டு தாழ்ந்த குரலிலே மன்றாடினார்கள். யோசேவாஸ் வந்தபோது வெறுங்காட்டிலே விதைக்கவில்லை. சாம்பலுக்குள் இருந்த தணலைத்தான் ஊதினார்.

அவருக்குப் பின் 1705இல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள். இவரும் கோவா நாட்டவரே. தமிழையும் சிங்களத்தையும் கற்று இரண்டிலும் நூல்கள் இயற்றினார். 1742இல் மறைந்த அவருடைய உடல் நீர்கொழும்புக்கு வடக்கே பொலவத்தையில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் தமிழில் எழுதிய வியாகுல பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கும் மரபு ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களிலே நெடுங்காலம் வழங்கியது. கிறிஸ்துவின் பாடுகளைக் கேட்டு அழுகிற கூட்டம், அதே அழுகையிலே தன் வீட்டு மரணங்களையும் சேர்த்து அழுதுவிடும். எங்கள் ஊர்களிலே ஒப்பாரி செய்த வேலையை அங்கே அந்தப் பிரசங்கமும் செய்தது என்பது என் துணிபு.

நேயர்களே, இவ்வளவு ஆண்டுகள் காத்துவந்த தமிழ்ச் செபங்களுக்கு இன்று என்ன நேர்ந்திருக்கிறது? நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையோரக் கத்தோலிக்கர் பலருடைய முன்னோர் தமிழ் பேசியவர்கள். இருபதாம் நூற்றாண்டிலே பாடசாலையும் கோயிலும் சிங்களத்துக்கு மாற, வீட்டு மொழியும் மெல்ல மாறியது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மக்கள் பேசும் மொழியிலே கடவுளோடு பேசுவதுதான் நியாயம். ஆனால், பல குடும்பங்களிலே ஒரு விசித்திரமான இடைவெளி விழுந்துவிட்டது. கிழவிகள் தமிழிலே செபம் சொன்னார்கள். பேரப்பிள்ளைகள் சிங்களத்திலே பதில் சொன்னார்கள். கிழவிகள் போன பிறகு அந்தச் செபங்களும் அவர்களோடு போயின.

எங்கள் அடுத்த வீட்டு மாமி, பின்னாளிலே ஊருக்கெல்லாம் ஆச்சி ஆனவர். ஆச்சி என்ற சொல் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொது என்பது ஓர் ஆறுதல். 2008இல் என் தந்தையார் நோயினால் காலமானார். அந்த ஆண்டு நவம்பரிலே, மரித்தோர் நினைவு நாளன்று, ஆச்சி தம் பெயர்ப் பட்டியலிலே என் தந்தையாரின் பெயரையும் சேர்த்துச் சொன்னதைக் கேட்டேன். "அவர் வேதக்காரர் இல்லையே ஆச்சி, உங்கட சுவாமி ஒத்துக்கொள்ளுவாரா?" என்று கேட்டேன். "ஒரு வள்ளத்தில போன ரெண்டு பேரை ரெண்டு லிஸ்டில எழுத எனக்குத் தெரியாது" என்றார். நம்பிக்கை கொண்டோருக்காக மட்டும் மன்றாட வேண்டுமா, மற்றோருக்காகவும் மன்றாடலாமா என்பதைப் பற்றி இறையியல் நூல்களிலே பக்கம் பக்கமாக விவாதம் இருக்கலாம். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. ஆடி அமாவாசைக்கு நான் தந்தையாருக்குக் கடலிலே தீர்த்தமாடிக் கடன் செய்கிறேன். நவம்பரிலே அவர் பெயர் இன்னொரு வீட்டிலும் சொல்லப்பட்டது. என் தந்தைக்கு அது பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் வெடித்த குண்டுகளிலே 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலே செபித்துக்கொண்டிருந்தவர்கள் செபித்தபடியே இறந்தார்கள். உயிர்த்தெழுதலைக் கொண்டாடும் நாளிலே சாவு வந்தது. அன்று ஆச்சியைப் பார்க்கப் போனேன். 'எங்கே உங்கள் கடவுள்' என்று கேட்க எனக்கு இப்போது பதினெட்டு வயதல்ல. பேசாமல் பக்கத்திலே உட்கார்ந்தேன். அவர் வானொலியிலே செய்தி கேட்டுக் கேட்டு, மாண்டவர் தொகை கூடக் கூட, செபமாலையின் மணிகளை உருட்டிக்கொண்டேயிருந்தார். பெயர் தெரியாதவர்களுக்கு எப்படி மன்றாடுவது என்று கேட்டேன். "எண்ணிக்கை தெரியுதே" என்றார். சில வாரங்களிலே எங்கள் மாவட்டத்தில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டபோது, அன்றிரவும் அதே மணிகள் உருண்டன. விண்ணக நம்பிக்கை பழிவாங்கும் வெறியைத் தணிக்குமா, அல்லது தூண்டுமா என்ற கேள்விக்கு நூலிலே விடை தேட வேண்டியதில்லை. யாருக்காக மன்றாடுகிறார்கள் என்பதைப் பார்த்தால் போதும்.

ஆச்சி 2022இல் காலமானார். அடக்கம் முடிந்து சில நாட்களில் அவருடைய பேத்தியின் மகள், பதினான்கு வயதுப் பிள்ளை, என் வீட்டு வாசலிலே வந்து நின்றாள். சிங்கள மொழிமூலம் படிக்கிறவள். தமிழ் கொஞ்சம் புரியும், வாசிக்கத் தெரியாது. கையிலே ஒரு கொப்பி. முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு ஆச்சியின் குழியருகே, ஆச்சி சொல்லுகிற அந்தத் தமிழ் மன்றாட்டைச் சொல்ல வேண்டும் என்றாள். "சேர், ஆச்சிக்குச் சிங்களத்தில செபம் சொன்னா விளங்காது" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. ஆச்சியின் பழைய செபப் புத்தகத்தை அவள் கொண்டுவந்திருந்தாள். தாள்கள் உப்புக் காற்றிலே பழுத்திருந்தன. நான் ஒவ்வொரு சொல்லாக வாசிக்க, அவள் அதைச் சிங்கள எழுத்திலே எழுதிக்கொண்டாள். சில ஒலிகளுக்கு எழுத்துக் கிடைக்கவில்லை. 'ழ' வந்த இடத்திலெல்லாம் நாங்கள் இருவரும் திண்டாடினோம். 'வீடு' என்ற சொல் வந்தது. "கெதர?" என்று சிங்களத்திலே கேட்டாள். ஓம் என்றேன். விடுதலை என்றும் ஒரு பொருள் உண்டு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அன்று அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பொருள்தான்.

முப்பதாம் நாளன்று நானும் சேமக்காலைக்குப் போனேன். ஈழத்துக் கத்தோலிக்கர் கல்லறைத் தோட்டத்துக்கு வைத்த பெயர் அது. சேமம் என்றால் பாதுகாப்பு, பத்திரமாக வைத்தல். சேமிப்பு என்ற சொல்லும் அதன் உறவே. காலை என்பது எங்கள் நாட்டு வழக்கிலே அடைப்பு. மாட்டுக்காலை என்கிறோமே, அதே காலை. சுடுகாடு என்றும் இடுகாடு என்றும் காட்டோடு சேர்த்தே சாவைப் பேசிய மொழியிலே, இறந்தவரைப் பத்திரப்படுத்தி வைக்கும் இடம் என்று ஒரு மக்கள் கூட்டம் பெயரிட்டிருக்கிறது. தொலைத்ததற்கு அந்தப் பெயரை யாரும் வைக்கமாட்டார்கள். திரும்ப எடுக்க எண்ணியதற்கே அப்படிப் பெயர் வைப்பார்கள். சிறையிலிருந்து கொலோசையருக்கு எழுதியவர் விண்ணகத்திலே சேமித்து வைக்கப்பட்டது என்று சொன்னதை, எங்கள் கரையோர மக்கள் மண்ணிலே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆச்சியின் கணவருக்கு அங்கே குழி இல்லை. அவர் உடல் கிடைக்கவேயில்லை. அதனால் ஆச்சியின் சிலுவையிலேயே அவர் பெயரையும் எழுதியிருந்தார்கள்.

அந்தப் பிள்ளை கொப்பியைப் பார்த்து வாசித்தாள். உச்சரிப்புப் பிழை நிறைய இருந்தது. வகுப்பிலே என்றால் இடைமறித்துத் திருத்தியிருப்பேன். பெயர்ப் பட்டியல் வந்தபோது கணவர் பெயரைச் சொன்னாள். ஆச்சியின் பெயரைச் சொன்னாள். மூன்றாவதாக என் தந்தையாரின் பெயரைச் சொன்னாள். அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஆச்சி சொல்லக் கேட்டுக் கேட்டு அவளுக்கே பாடமாகியிருந்தது.

நேயர்களே, பாடமாக்குவது என்பது பற்றி நாங்கள் ஆசிரியர்கள் பல கூட்டங்களிலே குறை சொல்லியிருக்கிறோம். பொருள் தெரியாமல் மனனம் செய்வதால் பயனில்லை என்று நானே பேசியிருக்கிறேன். இனி அந்தக் கருத்தைச் சற்று நிதானித்துத்தான் சொல்வேன். குருமார் இல்லாத முப்பது ஆண்டுகள் செபத்தைக் காத்தது மனனம்தான். தமிழ் தெரியாத ஒரு பிள்ளையின் நாவிலே, அவள் ஒருபோதும் கண்டிராத ஒரு சைவனின் பெயரை வைத்துப் போனதும் மனனம்தான்.

அடுத்த நவம்பரில் அவள் மறுபடி வந்தாள். இம்முறை சிங்கள எழுத்திலே எழுதித் தரும்படி கேட்கவில்லை. 'ழ' எழுதப் பழக்கித் தரும்படி கேட்டாள். இப்பொழுது சனிக்கிழமைகளிலே வருகிறாள்.